பிரசவத்துக்குப் பிறகு பால் சுரந்ததா?

வாசகர் கேள்விகளும் ஹார்மோன் மருத்துவரின் பதில்களும்

மும்பை மாட்டுங்காவில் இருபத்திரண்டு வருடமாக ஹார்மோன் நோய்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். போன மாதம் தைராய்டு பற்றி எழுதியதும் வந்து குவிந்த கடிதங்களில் பல, தைராய்டுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றியே கேட்கின்றன. எழுதியவர்களுக்கே அது தெரியாது. அதனால் இந்த முறை முழுவதும் அந்தச் சுரப்பிக்கு. முதல் பதில் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தாராவி 90 அடி ரோட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 41 வயது. 14 வருடத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில் தம்பி பிறந்தான். அப்போது ரத்தம் நிறையப் போய், நாலு பாட்டில் ஏற்றித்தான் அம்மாவைப் பிழைக்கவைத்தார்கள். தம்பிக்குப் புட்டிப்பால்தான், அம்மாவுக்குப் பாலே வரவில்லை. அதற்குப் பிறகு தீட்டும் வரவில்லை. எப்போதும் அசதி, குளிர். இரண்டு தடவை வாந்தி எடுத்து மயங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோடியம் குறைவு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது டி.எஸ்.எச். 2.1, நார்மல். ஆனால் ஃப்ரீ டி4 0.5, குறைவு. தைராக்ஸின் 50 என்ற தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் தலைசுற்றலும் வாந்தியும் அதிகமாகிவிட்டது. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா?

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடிய கடிதம் இல்லை இது. அதனால்தான் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு இப்போது சரியான மருந்து ஓடுகிறது. நீங்கள் சம்மதித்ததால், இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'அம்மாவுக்குப் பாலே வரவில்லை.' எனக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

பிட்யூட்டரி, மூக்குக்குப் பின்னால் மூளையின் அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. எடை அரை கிராம்தான். கழுத்தில் இருக்கும் தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல், சினைப்பை மூன்றுக்கும் அங்கிருந்துதான் உத்தரவு போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும் அங்கேதான் உற்பத்தி. கர்ப்ப காலத்தில் பாலுக்கான செல்கள் பெருகி, சுரப்பியே நன்றாகப் பருத்துவிடும். ஆனால் அதற்கு வரும் ரத்தக் குழாய்கள் மெல்லியவை, அழுத்தம் குறைந்தவை. பிரசவத்தில் ரத்தம் கொட்டி பி.பி. இறங்கினால், பருத்த சுரப்பிக்கு ரத்தம் போதாமல் பெரும்பகுதி செத்துப்போகிறது. அப்போது கிளாஸ்கோவில் இருந்த ஷீஹன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1937இல் இதை விளக்கி எழுதினார். நோய்க்கும் அவர் பெயர்தான். பிரசவ ஆஸ்பத்திரி வசதி பெருகிய நாடுகளில் இது அரிதாகிவிட்டது. நம் நாட்டில் நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் பால் வராது. அடுத்து மாதவிலக்கு திரும்பாது. பிரசவத்துக்காக மழித்த முடி மறுபடி வளராது. இதெல்லாம் நடந்து வருடக்கணக்கில் ஆன பிறகுதான் அசதியும் சோடியம் குறைவும் தலைகாட்டும். அதற்குள் பிரசவம் எல்லோருக்கும் பழைய கதையாகிவிடுகிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது.

சரி, டி.எஸ்.எச். ஏன் நார்மல்? உங்கள் கட்டடத்து மொட்டை மாடித் தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கினால் வாட்ச்மேன் மோட்டார் போடுவார், நிரம்பினால் நிறுத்துவார். வாட்ச்மேன்தான் பிட்யூட்டரி, மோட்டார்தான் தைராய்டு. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன்தான் டேங்க்கில் இருக்கும் தண்ணீர். டி.எஸ்.எச். என்பது தைராய்டுக்குப் பிட்யூட்டரி போடும் உத்தரவு, அதாவது வாட்ச்மேன் மோட்டாரை ஓட்டுகிற வேகம். தைராய்டு கெட்டால் தண்ணீர் ஏறாது, வாட்ச்மேன் மோட்டாரை விடாமல் ஓட்டுவார், டி.எஸ்.எச். 20, 50, 100 என்று ஏறும். உங்கள் அம்மாவுக்கு டேங்க் காலி. ஆனாலும் மோட்டார் என்னவோ டேங்க் நிரம்பியிருப்பது மாதிரி மெதுவாக ஓடுகிறது. அப்படியானால் கோளாறு வாட்ச்மேனிடம். டி4 0.5 இருக்கும்போது 2.1 என்ற டி.எஸ்.எச். நார்மலே இல்லை. லேப் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட மாட்டார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாத்திரை ஆரம்பித்ததும் ஏன் மோசமானது? பிட்யூட்டரி செத்தால் அட்ரினலுக்கும் உத்தரவு நின்றுபோகும். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். தைராக்ஸின் உடம்பின் வேகத்தைக் கூட்டி, இருக்கிற கார்ட்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பிட்யூட்டரி மேல் சந்தேகம் வந்தால் முதலில் காலை 8 மணிக் கார்ட்டிசால் பார்க்க வேண்டும். 3க்குக் கீழே என்றால் குறைவு நிச்சயம். 15க்கு மேல் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் இருந்தால் ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்ப்போம். குறைவு என்று தெரிந்தால் முதலில் கார்ட்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன், சில நாள் கழித்துத்தான் தைராக்ஸின். இந்த வரிசை மாறவே கூடாது. அம்மாவுக்குக் கார்ட்டிசால் 1.9 இருந்தது.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானே இதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். மே மாதம், மும்பைப் புழுக்கம். ஓர் அம்மா கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வார்டில் படுத்திருந்தார். முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. புருவத்தின் வெளிப்பாதி காணோம். வாயைச் சுற்றி மெல்லிய கோடுகள். சோடியம் 118. உப்பு நீர் ஏற்றினேன், 130 வந்தது, வீட்டுக்கு அனுப்பினேன். மூன்று மாதத்தில் அதே சால்வையோடு திரும்பி வந்தார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஃபைலைத் திறக்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், ஒரு சொட்டு வரல. பக்கத்து வீட்டு அக்காதான் எம் புள்ளைக்குப் பால் குடுத்தா" என்றார் அந்த அம்மா. அந்தப் பிள்ளைக்கு அப்போது 11 வயது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றிய மறுநாள் சால்வை கட்டில் கம்பியில் தொங்கியது, அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தப் பெண்ணையும் நான் அனுப்புவதில்லை.

இனி அம்மாவுக்கு. ஹைட்ரோகார்ட்டிசோன் ஆயுள் முழுக்க வேண்டும். எழுந்தவுடன் பெரிய பங்கு, மீதி மதியமும் சாயங்காலமும். 'ஸ்டீராய்டு ஆச்சே, உடம்பைக் கெடுக்கும்' என்று ஊரில் சித்தியோ மாமாவோ சொல்வார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராமும் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் அளவை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, உடனே, எந்த ஆஸ்பத்திரியானாலும். 'எனக்குக் கார்ட்டிசால் சுரக்காது' என்று தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் எழுதிய அட்டை அவர் பர்ஸில் இருக்கட்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், பத்து நாளுக்கு அதிகமாகவே. தைராக்ஸின் அளவைத் தீர்மானிக்க இனி டி.எஸ்.எச். உதவாது, ஃப்ரீ டி4 மட்டும் பாருங்கள். வயது 41தான் என்பதால் எலும்புக்காக ஈஸ்ட்ரோஜன் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: வயது 26, செம்பூர். கால் சென்டரில் இரவு ஷிஃப்ட். மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை. புரோலாக்டின் 62. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். மூளையில் கட்டியா? இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. அசிடிட்டிக்கு ஒரு கேப்ஸ்யூல் தவிர வேறு மருந்து எடுப்பதில்லை.

பதில்: அந்தக் கேப்ஸ்யூல் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பேன்டப்ரசோல் அல்லது ரபிப்ரசோல் என்று ஒரு பெயர் இருக்கும். அதற்குப் பக்கத்தில் டோம்பெரிடோன் என்றோ லெவோசல்பிரைடு என்றோ இன்னொரு பெயர் இருக்கிறதா? எனக்கு வரும் 'புரோலாக்டின் கூடுதல்' கேஸ்களில் நான் முதலில் தேடுவது அந்த இரண்டாவது பெயரைத்தான்.

காரணம் இது. பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்களை மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி தூண்டிவிட்டுச் சுரக்க வைக்கிறது. புரோலாக்டினை மட்டும் டோபமின் என்ற பிரேக் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. நான் சொன்ன இரண்டு மருந்துகளும் அந்த பிரேக்கைத் தளர்த்திவிடும். மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாதிரி சில மருந்துகளும் அப்படித்தான். ஆனால் அவற்றை ஒருநாளும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்.

முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், நான் எல்லோரிடமும் கேட்பேன். அப்புறம் டி.எஸ்.எச். தைராய்டு மந்தமாக இருந்தாலே புரோலாக்டின் ஏறும், தைராக்ஸின் கொடுத்தால் இறங்கிவிடும். இரண்டும் சரியாக இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு அசிடிட்டி கேப்ஸ்யூலை வெறும் பேன்டப்ரசோலுக்கு மாற்றி, குறைந்தது மூன்று நாள் விட்டு ரத்தம் கொடுங்கள். உங்களுக்கு இரவு ஷிஃப்ட். அதனால் கடிகாரத்தில் காலை எத்தனை மணி என்று பார்க்காமல், தூங்கி எழுந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள். லோக்கல் ட்ரெயினில் நசுங்கி இறங்கியவுடன் கையை நீட்டாதீர்கள். லேபில் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். பதற்றத்திலும் இந்த ஹார்மோன் ஏறும். மேக்ரோபுரோலாக்டின் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள். வேலை செய்யாத பெரிய மூலக்கூறுகள் சிலர் ரத்தத்தில் சுற்றி எண்ணை ஏற்றிக் காட்டும்.

பெண்களுக்கு உச்ச வரம்பு சுமார் 25. மருந்தால் ஏறுவது பெரும்பாலும் 100க்குள் நிற்கும். 200ஐத் தாண்டினால் சுரப்பியில் கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். மறுபரிசோதனையிலும் காரணமில்லாமல் கூடுதலாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். அப்படியே கட்டி தெரிந்தாலும், அது புற்றுநோய் இல்லை, மூளைக்குள்ளும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடும் கேபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலானவர்களுக்குச் சுருங்கிவிடும். என்னிடம் அப்படி வந்த பெண்கள் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்திருக்கிறார்கள். இன்று ராத்திரி தூங்குங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. கல்யாண மோதிரம் விரலில் ஏறவில்லை. செருப்பு 8ஆம் நம்பரிலிருந்து 10 ஆகிவிட்டது. குறட்டை, புதிதாகச் சர்க்கரை, பி.பி. 'தொப்பை போட்டா இதெல்லாம் வரும்' என்கிறார். - முலுண்ட் வாசகி

பதில்: தொப்பை போட்டால் பாதம் இரண்டு சைஸ் நீளாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப் போங்கள். மூக்கு, உதடு, தாடை, பல் இடைவெளி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும்போது கூடவே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு முந்தைய போட்டோவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வளர்ந்து முடிந்த பிறகும் பிட்யூட்டரிக் கட்டி ஒன்று வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். அக்ரோமெகாலி என்று 1886இல் பிரான்சின் பியர் மரி என்ற மருத்துவர் பெயர் வைத்தார்.

வளர்ச்சி ஹார்மோனை மட்டும் ஒரு தடவை அளந்து பயனில்லை, அது நாள் முழுக்க ஏறி இறங்கும். அதன் தூண்டலால் உடம்பில் சுரக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற ஹார்மோனைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று கேளுங்கள் அவரிடம்: தாதர் ஸ்டேஷன் பாலத்தில் நடக்கும்போது பக்கவாட்டில் வருகிறவர்கள் மேல் அடிக்கடி மோதுகிறாரா? பிட்யூட்டரிக்கு நேர் மேலேதான் கண் நரம்புகள் குறுக்கே போகின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அழுத்தினால் முதலில் பக்கப் பார்வைதான் போகும். அப்படி இருந்தால் இந்த வாரமே போக வேண்டும். மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்கிறார்கள், தலையைத் திறப்பதில்லை. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பரேலில் கே.இ.எம். மாநகராட்சி ஆஸ்பத்திரியிலேயே ஹார்மோன் பிரிவு இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 68. மூட்டு வலிக்கு ஊரிலிருந்து வரும் பேரில்லாத பொடியை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். நன்றாகவே கேட்கிறது. ஆனால் முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மெலிந்துவிட்டது. தொட்டால் தோல் கன்றிப்போகிறது. பொடியைப் பிடுங்கிக் குப்பையில் போடலாமா? - வாஷி

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் போடாதீர்கள், தயவுசெய்து.

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இதே தோற்றம் பிட்யூட்டரியில் வரும் சிறு கட்டியாலும் வரலாம் என்று ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1932இல் எழுதினார். அது அரிது. என் முன்னால் வந்து உட்காரும் உருண்டை முகங்களில் பெரும்பாலானவை மாத்திரையாலும் பொடியாலும் வந்தவை. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. சிறு மாத்திரை ஒன்றே சுமார் 4 மி.கி. பிரட்னிசோலோனுக்குச் சமம். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறதோ!

வெளியிலிருந்து இவ்வளவு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி, 'டேங்க் எப்போதும் நிரம்பித்தானே இருக்கிறது' என்று அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடும். இரண்டு வருடம் வேலையில்லாமல் அட்ரினல் சுருங்கிப் போயிருக்கும். இன்று பொடியை நிறுத்தினால் நாளை அது விழித்துக்கொள்ளாது. மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம். நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் பி.பி. விழுந்து மயங்கிவிடுவார்.

அதனால் பொடியோடு அப்பாவை ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பொடியை நிறுத்தும் அன்றே அளவு தெரிந்த மாத்திரையை ஆரம்பித்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். நடுநடுவே காலைக் கார்ட்டிசால் பார்த்து, அவர் அட்ரினல் எழுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வார். சர்க்கரை, எலும்பு அடர்த்தி, கண் புரை மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூட்டுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும். வலி திரும்பினால் அப்பா பொடியைத் தேடிப் போவார். அந்த வலி நிஜம், அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.

கேள்வி: டி.எஸ்.எச். 0.05, டி4 கூடுதல். தைராய்டு அதிகச் சுரப்பு என்கிறார்கள். ஆனால் எனக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை. முடி கொட்டுகிறது என்று ஒரு மாத்திரை மட்டும் எடுக்கிறேன். - அந்தேரி

பதில்: அந்த முடி மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் 10 மி.கி. இருக்கலாம். சில லேப் மெஷின்கள் பயோட்டினை வைத்துத்தான் ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். உங்கள் பிட்யூட்டரியும் தைராய்டும் நலமாகவே இருக்கலாம். மூன்று நாளாவது மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதற்கு முன் தைராய்டைக் குறைக்கும் மருந்தைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: சைனஸ் தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 'எம்ப்டி செல்லா' என்று இருக்கிறது. எனக்குப் பிட்யூட்டரியே இல்லையா? வயது 47. - டோம்பிவிலி வாசகி

பதில்: இருக்கிறது. மூளையைச் சுற்றி இருக்கும் நீர் அந்த எலும்புக் குழிக்குள் இறங்கி, சுரப்பியைத் தட்டையாக அடியில் ஒட்டவைத்திருக்கிறது. படத்தில் குழி காலியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பலருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதுதான் இது. காலைக் கார்ட்டிசால், ஃப்ரீ டி4, டி.எஸ்.எச்., புரோலாக்டின் ஒரு முறை பாருங்கள். எடை கூடுதலாக இருந்து, தலைவலியோடு பார்வையும் அவ்வப்போது மங்கினால் கண் டாக்டரிடம் கண்ணின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் படத்தை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் எத்தனை என்று இல்லை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா, பால் சுரந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.